கரிமக் குறைக்கடத்திகளில் சிங்லெட், டிரிப்லெட் ஒளி உமிழ்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓஎல்இடி (கரிமப் பொருளால் ஆன ஒளி உமிழ் டையோடு) பொருள்களை முதன்முறையாகக் கையில் எடுத்து அளக்கத் தொடங்குபவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகள் இவை. பாடநூல்களில் ஒற்றை நிலை, மும்மை நிலை, உடனொளிர்தல், நின்றொளிர்தல் என்ற சொற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆய்வகப் பேச்சில் சிங்லெட், டிரிப்லெட், ஃப்ளோரசன்ஸ், பாஸ்போரசன்ஸ் என்பவைதான் புழங்குகின்றன. இங்கும் அப்படியே.

சிங்லெட், டிரிப்லெட் என்று பெயர் வந்தது எப்படி?

மூலக்கூறு கிளர்ச்சியடையும்போது ஓர் எலக்ட்ரான் மேல் ஆர்பிட்டலுக்கு ஏறுகிறது. அதன் ஜோடி கீழேயே நிற்கிறது. இரண்டின் ஸ்பின்களையும் கூட்டி மொத்தம் 0 வந்தால் அதற்கு ஒரே ஒரு அமைப்புதான் உண்டு, அது சிங்லெட். மொத்தம் 1 வந்தால் மூன்று அமைப்புகள் உண்டு, அது டிரிப்லெட்.

"எதிரெதிர்த் திசை என்றால் சிங்லெட், ஒரே திசை என்றால் டிரிப்லெட்" என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பது பாதிதான் சரி. டிரிப்லெட்டின் மூன்றில் ஒன்றில் ஸ்பின்கள் மேலும் கீழுமாகத்தான் இருக்கும். சிங்லெட்டிலிருந்து அதைப் பிரிப்பது இரண்டு ஸ்பின் அலைகளும் கூடுகின்றனவா, கழிகின்றனவா என்ற கட்ட வேறுபாடு மட்டுமே. பின்னால் வரும் 25:75 கணக்கு இந்த மூன்றிலிருந்துதான் பிறக்கிறது.

கரிம மூலக்கூறுகளின் தரைநிலை பெரும்பாலும் சிங்லெட். எனவே கிளர்ந்த சிங்லெட்டிலிருந்து இறங்கும்போது ஸ்பின் மாற வேண்டியதில்லை. சில நானோவிநாடிகளில் ஒளி வந்துவிடும், அதுதான் ஃப்ளோரசன்ஸ். டிரிப்லெட்டிலிருந்து இறங்க ஸ்பின் திரும்பியாக வேண்டும். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள மூலக்கூறில் அதற்கு மில்லிவிநாடிகள் முதல் விநாடிகள் வரை ஆகும். பாஸ்போரசன்ஸ் டிரிப்லெட் நிலையிலிருந்து வருகிறது என்று லூயிஸும் காஷாவும் 1944-இல் எடுத்துச் சொன்னார்கள்.

இந்தப் பக்கத்தில் உள்ள ஏறக்குறைய எல்லாச் சிக்கலும் அந்த நீண்ட ஆயுளிலிருந்து வருவதுதான். சிங்லெட்டை எதுவும் வந்து தொடுவதற்குள் பெரும்பாலும் அது ஒளிர்ந்து முடித்துவிடும். டிரிப்லெட்டோ காத்துக்கொண்டிருக்கும், காத்திருக்கும் நேரத்தில் ஆக்சிஜன், பக்கத்து அடுக்கு, இன்னொரு டிரிப்லெட் என்று யார் வேண்டுமானாலும் அதன் ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

டிரிப்லெட் ஏன் எப்போதும் சிங்லெட்டுக்குக் கீழே இருக்கிறது?

பரிமாற்ற ஆற்றல்தான் காரணம். டிரிப்லெட்டில் இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று இயல்பாகவே விலகி நிற்கும், அதனால் விலக்கு விசை குறையும். மேல், கீழ் ஆர்பிட்டல்கள் ஒரே இடத்தில் எவ்வளவு படிந்து கிடக்கின்றனவோ அவ்வளவு இடைவெளி பெரிதாகும். ஆந்த்ரசீனில் சிங்லெட் ஏறத்தாழ 3.1 எலக்ட்ரான் வோல்ட், டிரிப்லெட் 1.8. ஊதா கலந்த நீலத்தில் ஒளிரும் மூலக்கூறின் டிரிப்லெட் அகச்சிவப்பின் விளிம்புக்கே போய்விடுகிறது. "எப்போதும்" என்பதற்கு விதிவிலக்கு உண்டு, அது கடைசியில்.

25:75 என்ற விகிதம் எப்போது பொருந்தும்?

மின்சாரத்தால் கிளர்த்தும்போது. எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன நேர்மின் இடம்) தனித்தனி மின்முனைகளிலிருந்து, ஒன்றின் ஸ்பின் மற்றதற்குத் தெரியாமல் வந்து சந்திக்கின்றன. நான்கு சேர்க்கைகளும் சம வாய்ப்புள்ளவை. ஒன்று சிங்லெட், மூன்று டிரிப்லெட்.

ஒளியால் கிளர்த்தும்போது இந்தக் கணக்கு செல்லாது. தரைநிலை சிங்லெட் ஒளியை விழுங்கினால் சிங்லெட்தான் உருவாகும். எனவே புற ஊதா விளக்கின் கீழ் கண்ணைக் கூசவைக்கும் சாயம், டையோடில் போட்டதும் மங்கிப்போவதில் வியப்பில்லை. ஒளியால் அளந்த குவாண்டம் திறன் 100 விழுக்காடாகவே இருந்தாலும், டையோடில் முக்கால் பங்கு எக்ஸிடான்கள் (எலக்ட்ரானும் துளையும் சேர்ந்து உருவாகும் கிளர்ச்சிகள்) இருட்டு டிரிப்லெட்டுக்குப் போய்விடுகின்றன.

அதோடு, உள்ளே பிறந்த ஒளி முழுவதும் வெளியே வருவதில்லை. கரிமப் படலத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.7. எளிய மதிப்பீட்டில், வெளியேறும் பங்கு 1-ஐ இரண்டு மடங்கு ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் வரும்: 17 விழுக்காடு. நடைமுறையில் 20 என்று எடுத்துக்கொள்வார்கள். 25 விழுக்காட்டில் 20 விழுக்காடு என்றால் 5. வெறும் ஃப்ளோரசன்ஸ் டையோடின் வெளிக்குவாண்டம் திறனுக்குப் (செலுத்திய எலக்ட்ரான்களுக்கு வெளியே வரும் ஃபோட்டான்களின் விகிதம், சுருக்கமாக வெளித்திறன்) பல ஆண்டுகள் உச்சவரம்பாகச் சொல்லப்பட்டது இந்த 5 விழுக்காடுதான். 1987-இல் ஈஸ்ட்மன் கோடாக்கில் டாங், வான்ஸ்லைக் இருவரும் செய்த இரண்டு அடுக்கு டையோடு 1 விழுக்காட்டை ஒட்டி நின்றது. 10 வோல்ட்டுக்குள் இயங்கியதால்தான் அது திருப்புமுனை ஆனது.

இரிடியமும் பிளாட்டினமும் என்ன செய்கின்றன?

ஸ்பின் திரும்ப உதவுகின்றன. அணுக்கரு கனமாக ஆக, எலக்ட்ரானின் ஸ்பின்னும் அதன் சுற்றுப்பாதை இயக்கமும் இறுகப் பிணைகின்றன. ஹைட்ரஜன் போன்ற எளிய மாதிரியில் இந்தப் பிணைப்பு அணு எண்ணின் நான்காம் அடுக்காக ஏறும். கார்பன் 6, இரிடியம் 77. பிணைப்பு வலுத்தால் டிரிப்லெட்டில் கொஞ்சம் சிங்லெட் குணம் கலக்கிறது, தடை தளர்கிறது.

பிடிஓஇபி என்ற பிளாட்டினம் போர்ஃபிரினை வைத்து பால்டோ, ஃபாரஸ்ட், தாம்ப்சன் குழு 1998-இல் சிவப்பு பாஸ்போரசன்ஸ் டையோடு செய்தது. அந்தச் சேர்மத்தின் டிரிப்லெட் ஆயுள் ஏறத்தாழ 100 மைக்ரோவிநாடி, அதாவது இன்னும் நீளம்தான். ஐஆர்(பிபிஒய்)3 எனப்படும் பச்சை இரிடியம் சேர்மத்தில் அது 1 முதல் 2 மைக்ரோவிநாடிக்கு இறங்கியது. 2001-இல் இரிடியம் டையோடுகளின் வெளித்திறன் 19 விழுக்காட்டை எட்டியது. உள்ளே பிறந்த எக்ஸிடான்களில் ஏறக்குறைய எல்லாமே ஒளியானதாகப் பொருள்.

"அப்படியானால் சாயத்தில் ஒரு புரோமினையோ அயோடினையோ ஒட்டினால் போதாதா?" இதுவும் அடிக்கடி வரும். போதாது. கனவணு மூலக்கூறின் ஓரத்தில் இருந்தால் பயன் குறைவு. கிளர்ந்த எலக்ட்ரான் அந்த அணுவின் ஆர்பிட்டலையே தொட்டுப் போக வேண்டும். இரிடியத்தில் உலோகத்திலிருந்து லிகண்டுக்கு (உலோகத்தோடு பிணைந்த கரிமப் பகுதி) மின்னூட்டம் தாவுவதால் அது நடக்கிறது. போதாக்குறைக்கு, கார்பன்–புரோமின், கார்பன்–அயோடின் பிணைப்புகள் நலிந்தவை. டையோடு ஓடும்போது அவை அறும்.

உலோகமே இல்லாமல் டிரிப்லெட்டை ஒளியாக்க முடியுமா?

முடியும். டிரிப்லெட்டை நேராக ஒளிர வைக்காமல், அறை வெப்பத்தைக் கொண்டே சிங்லெட்டுக்கு ஏற்றிவிடலாம். வெப்பத்தால் தூண்டப்படும் தாமத ஃப்ளோரசன்ஸ், சுருக்கமாக டிஏடிஎஃப். இதில் எல்லாம் இடைவெளியைப் பொறுத்தது. 300 கெல்வினில் வெப்ப ஆற்றல் 0.026 எலக்ட்ரான் வோல்ட். இடைவெளி 0.03 என்றால் போல்ட்ஸ்மான் காரணி, அதாவது வெப்பத்தால் அதைத் தாண்டும் வாய்ப்பின் அளவு, 0.3. 0.1 என்றால் 0.02. 0.2 என்றால் 0.0004. 0.3-க்குப் போனால் லட்சத்தில் ஒன்று. அதற்கு மேல் பேச்சே இல்லை.

இடைவெளியைக் குறைக்க, எலக்ட்ரான் கொடுக்கும் பகுதியையும் வாங்கும் பகுதியையும் ஒன்றுக்கொன்று முறுக்கி வைத்து ஆர்பிட்டல்களைப் பிரிப்பார்கள். ஆனால் முழுக்கப் பிரித்தால் சிங்லெட் ஒளிரும் வேகமும் செத்துப்போகும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும் கதை. கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழு 2012-இல் வெளியிட்ட 4சிஇசட்ஐபிஎன் இரண்டுக்கும் நடுவே நின்றது: இடைவெளி 0.083 எலக்ட்ரான் வோல்ட், பச்சையில் வெளித்திறன் 19 விழுக்காட்டுக்கு மேல்.

இடைவெளி சிறியதாக இருந்தும் மேலேறாத மூலக்கூறுகள் நிறைய. சிங்லெட்டும் டிரிப்லெட்டும் ஒரே வகை மின்னூட்டத் தாவல் நிலைகளாக இருந்தால் ஸ்பின்–சுற்றுப்பாதைப் பிணைப்பு ஏறக்குறைய பூஜ்யம். அருகிலேயே வேறு வகை டிரிப்லெட், அதாவது ஒரு பகுதிக்குள்ளேயே அடங்கியது ஒன்று, இருந்து அதிர்வுகள் வழியாகக் கலந்தால்தான் தாவல் வேகம் பிடிக்கும். மூலக்கூறு வடிவமைக்கும்போது இடைவெளியை மட்டும் கணித்துவிட்டு நிறுத்திக்கொள்வது இன்று மிகப் பரவலான தவறு.

என் மாதிரியில் தாமத ஒளி தெரிகிறது. டிஏடிஎஃப் என்று எழுதலாமா?

இன்னும் கூடாது. தாமத ஒளிக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம்: டிஏடிஎஃப், இரண்டு டிரிப்லெட்கள் மோதி ஒரு சிங்லெட் உருவாவது, அறை வெப்பநிலை பாஸ்போரசன்ஸ், பிரிந்த மின்னூட்டங்கள் நிதானமாக மீண்டும் சேர்வது. ஹோஸ்ட்டும் (படலத்தின் பெரும்பகுதியான பொருள்) டோப்பண்ட்டும் (அதில் சிறிதளவு கலக்கும் ஒளிரும் பொருள்) சேர்ந்து எக்ஸிப்ளெக்ஸ் (இரண்டு மூலக்கூறுகள் பகிரும் கிளர்ந்த நிலை) ஆகியிருந்தால் அது ஐந்தாவது தலைவலி.

முதலில் நிறமாலையைப் பாருங்கள். தாமத ஒளியின் வடிவம் உடனடி ஒளியோடு பொருந்தினால் அது சிங்லெட்டிலிருந்து வருகிறது. சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தால் பாஸ்போரசன்ஸை நினையுங்கள். அடுத்து லேசர் வலிமையை இரண்டு, மூன்று பதின்மடங்கு மாற்றுங்கள். டிஏடிஎஃப் என்றால் தாமதப் பகுதி வலிமையோடு நேர்விகிதத்தில் ஏறும். மடக்கை வரைபடத்தில் சரிவு 1. டிரிப்லெட் மோதல் என்றால் குறைந்த வலிமையில் சரிவு 2, வலிமை கூடக்கூட 1-க்கு வளையும். அதிக வலிமையில் மட்டும் அளந்துவிட்டுச் சரிவு 1 என்று முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

பிறகுதான் வெப்பநிலை. குளிர்விக்கும்போது தாமத ஒளி குறைந்தால் டிஏடிஎஃப் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். படலத்தைக் குளிர்வித்தால் டிரிப்லெட்கள் நகரும் வேகமும் குறையும், ஆகவே மோதலால் வரும் ஒளியும் குறையும். வெப்பநிலைச் சோதனை தனியாக எதையும் நிரூபிக்காது. வலிமைச் சோதனையோடு சேர்த்து வைத்தால்தான் மதிப்பு. மின்னூட்டங்கள் மீண்டும் சேர்வதால் வருவது வேறு மாதிரி: இரண்டு அச்சும் மடக்கையாக வரைந்தால் பல பதின்மடங்கு நேரத்துக்கு நேர்கோடாக இறங்கும், எந்த ஆயுளும் பொருந்தாது.

கடைசியாக, ஹோஸ்ட்டைத் தனியாகவும் டோப்பண்ட்டைத் தனியாகவும் அளந்து, கலவையில் மட்டும் புதிய அகலமான பட்டை தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் எக்ஸிப்ளெக்ஸ்.

தாமதப் பகுதி வரைபடத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

உயரத்தைப் பார்க்காதீர்கள், பரப்பைப் பாருங்கள். உடனடிப் பகுதி உயரம் 1, ஆயுள் 10 நானோவிநாடி என்றால் பரப்பு 10. தாமதப் பகுதியின் உயரம் ஆயிரத்தில் ஒன்று, ஆயுள் 20 மைக்ரோவிநாடி என்றால் பரப்பு 20. நேர்கோட்டு அச்சில் கண்ணுக்கே தெரியாதது மொத்த ஒளியில் மூன்றில் இரண்டு பங்கு.

இன்னொரு கண்ணி லேசரின் துடிப்பு இடைவெளி. விநாடிக்கு பத்து லட்சம் துடிப்பு என்றால் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 1 மைக்ரோவிநாடிதான். 20 மைக்ரோவிநாடி ஆயுள் உள்ள ஒளி ஒவ்வொரு துடிப்பிலும் மிச்சமாகிச் சேர்ந்து, தட்டையான பின்னணியாகத் தெரியும். அதை டிடெக்டரின் இருட்டு எண்ணிக்கை என்று நினைத்துக் கழித்துவிடுவார்கள். தேடிய சிக்னல் அதோடு போய்விடும். கண்டுபிடிக்க எளிய வழி: துடிப்புக்கு முந்தைய பகுதியில் உள்ள எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு லேசரை மறையுங்கள். எண்ணிக்கை சரிந்தால் அது இருட்டு அல்ல, உங்கள் மாதிரியின் ஒளிதான். துடிப்பு இடைவெளி ஆயுளைப் போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். 20 மைக்ரோவிநாடிக்கு விநாடிக்கு 10,000 துடிப்பு போதுமானது.

ஆக்சிஜனை எப்படி நீக்குவது? எவ்வளவு முக்கியம்?

காற்றோடு சமநிலையில் உள்ள டொலுயீனில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிமோல் ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஆக்சிஜனின் தரைநிலையே டிரிப்லெட். அதைக் கிளர்த்த 0.98 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஒளிரத்தக்க எந்த டிரிப்லெட்டுக்கும் அது எளிது. மோதல் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் டிரிப்லெட் 0.2 மைக்ரோவிநாடிக்குள் அணைந்துவிடும். 20 மைக்ரோவிநாடி ஒளிக்கு வாய்ப்பே இல்லை.

ஆர்கானைக் கரைசலில் குமிழியாக விடுவது சுலபம்: ஊசி அடியைத் தொட வேண்டும், 20 முதல் 30 நிமிடம், வாயுவை முதலில் அதே கரைப்பான் உள்ள பாட்டிலின் வழியே செலுத்தினால் மாதிரி வற்றாது. மில்லிவிநாடி ஆயுள்களை நம்பத்தக்க வகையில் அளக்க இது போதாது; உறையவைத்து, காற்றை இழுத்து, உருகவிடும் சுற்றுகள் வேண்டும். குவார்ட்ஸ் க்யூவெட்டோடு (ஒளி அளக்கும் சதுரக் குப்பி) ஒரு சிறு குமிழ் ஒட்டப்பட்ட குழாயை எடுங்கள். குமிழில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். உறையவைப்பது குமிழில்தான், க்யூவெட்டில் அல்ல. க்யூவெட்டில் உறைந்தால் சதுர மூலையில் கண்ணாடி விரியும். முழுதும் உறைந்த பிறகு வால்வைத் திறந்து சில நிமிடம் இழுங்கள். வால்வை மூடுங்கள். வெதுவெதுப்பான நீரில் உருகவிடுங்கள். உருகும்போது கரைசலிலிருந்து குமிழிகள் எழும். குமிழி எழாத சுற்று வரும்வரை திரும்பச் செய்யுங்கள். வழக்கமாக 3 முதல் 5 சுற்று.

இங்கே ஓர் அபாயம். திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின், ஆர்கானுடையது 87, ஆக்சிஜனுடையது 90. திரவ நைட்ரஜனில் மூழ்கிய குழாய்க்குள் ஆர்கான் வால்வைத் திறந்தால் ஆர்கான் சத்தமில்லாமல் திரவமாகி உள்ளே நிறையும். அப்படியே மூடி வெளியே எடுத்தால் குழாய் வெடிக்கும். காற்றுக் கசிவு இருந்தால் திரவ ஆக்சிஜன் சேரும். கரிமக் கரைப்பானோடு அது வெடிமருந்துக்குச் சமம். உள்ளே வெளிர்நீலத் திரவம் தெரிந்தால் வால்வை மூடாதீர்கள், குளிரிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். மறைப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டு விலகி, ஆய்வகப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

காற்றிலும் ஆர்கானிலும் குவாண்டம் திறனை அளந்து, வித்தியாசம் முழுவதையும் தாமத ஒளியின் கணக்கில் எழுதுவதும் தவறு. ஆக்சிஜன் சிங்லெட்டையும் அணைக்கும். உடனடி ஆயுள் 10 நானோவிநாடி உள்ள பொருளில் கால் பங்கு போய்விடக்கூடும்.

பாலிமரில் கலந்த படலத்தில் வேறொரு விளையாட்டு நடக்கும். பிஎம்எம்ஏ போன்ற பாலிமரில் ஆக்சிஜன் மெதுவாகவே ஊடுருவும். ஒளி விழுந்துகொண்டிருக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜன் வேதிவினையில் தீர்ந்துபோய், படலம் தானாகப் பிரகாசமாகிக்கொண்டே வரும். அளவீடு நடக்கும்போது சிக்னல் ஏறினால் லேசரைச் சந்தேகிப்பதற்கு முன் இதைச் சந்தேகியுங்கள்.

டிரிப்லெட் ஆற்றலைச் சரியாக அளப்பது எப்படி?

கரைசலை 77 கெல்வினில் கண்ணாடிபோல் உறையவைத்து, உடனடி ஒளி மறைந்தபின் பாஸ்போரசன்ஸை மட்டும் பதிவு செய்ய வேண்டும். செறிவு லிட்டருக்கு 10⁻⁵ மோல் அளவில். 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃப்யூரான் தெளிவான கண்ணாடியாக உறையும். டொலுயீன் எளிதில் வெண்மையாகி விரிசல் விடும், ஒளி சிதறும். முனைவுத்தன்மை வேண்டாம் என்றால் மெத்தில்சைக்ளோஹெக்சேன். கடையில் வாங்கும் ஈதர் கரைப்பானில் பெராக்சைடு தடுப்பானாக பிஹெச்டி (பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன்) கலந்திருக்கும். கரைப்பானை மட்டும் உறையவைத்து ஒரு வெற்று நிறமாலை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பலமுறை "பலவீனமான பாஸ்போரசன்ஸ்" கரைப்பானின் அசுத்தமாகவே இருந்திருக்கிறது.

காத்திருக்கும் நேரம் பொருளைப் பொறுத்தது. உலோகமற்ற மூலக்கூறுக்கு 1 மில்லிவிநாடி முதல் சில பத்து மில்லிவிநாடி வரை. செனான் மின்னல் விளக்கின் வால் பல பத்து மைக்ரோவிநாடி நீளும். அதற்குள் திறந்தால் விளக்கையே அளப்பீர்கள். இரிடியம் சேர்மத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை. அங்கே துடிப்பு லேசர் வேண்டும்.

ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் பெற 1240-ஐ அலைநீளத்தால், நானோமீட்டரில், வகுங்கள். எந்த அலைநீளம் என்பதில்தான் தகராறு. முதல் அதிர்வு முகடு 450 நானோமீட்டர் என்றால் 2.76. ஒளி தொடங்கும் இடம் 430 என்றால் 2.88. வித்தியாசம் 0.12, ஒரு டிஏடிஎஃப் மூலக்கூறின் முழு இடைவெளியையும் விழுங்கிவிடும். சிங்லெட்டை முகட்டிலிருந்தும் டிரிப்லெட்டைத் தொடக்கத்திலிருந்தும் எடுத்தால் இடைவெளி எதிர்மறையாகக்கூட வரும். இரண்டையும் ஒரே முறையில், ஒரே கரைப்பானில், ஒரே வெப்பநிலையில் எடுங்கள். அறை வெப்பநிலைக் கரைசலில் கரைப்பான் மூலக்கூறுகள் திரும்பி நின்று மின்னூட்டத் தாவல் நிலையைத் தாழ்த்தும், உறைந்த கண்ணாடியில் அவற்றால் திரும்ப முடியாது. இந்த ஒன்றைக் கவனிக்காததால் வெளிவந்த தவறான இடைவெளிகள் ஏராளம்.

ஹோஸ்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஹோஸ்ட்டின் டிரிப்லெட், டோப்பண்ட்டுடையதைவிட மேலே இருக்க வேண்டும், 0.2 எலக்ட்ரான் வோல்ட் இருந்தால் நிம்மதி. ஐஆர்(பிபிஒய்)3-க்கு 2.4, சிபிபி ஹோஸ்ட்டுக்கு ஏறத்தாழ 2.6, பிரச்சினையில்லை. ஃபிர்பிக் என்ற நீல இரிடியம் சேர்மத்தின் டிரிப்லெட் 2.6-க்குச் சற்று மேலே இருப்பதால் அதே சிபிபியில் ஆற்றல் ஹோஸ்ட்டுக்கே திரும்பிக் கசியும். அங்கே 2.9 உள்ள எம்சிபி போன்றது வேண்டும்.

ஹோஸ்ட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த அடுக்கில் கோட்டைவிடுபவர்கள் அதிகம். துளை கடத்தும் என்பிபியின் டிரிப்லெட் 2.3, எலக்ட்ரான் கடத்தும் ஏஎல்க்யூ3-யினுடையது 2.0. பச்சை பாஸ்போரசன்ஸ் அடுக்கை இவற்றில் எதோடும் நேரடியாக ஒட்டவைத்தால் எல்லையில் உள்ள டிரிப்லெட்கள் வடிந்துவிடும். நடுவே 5 முதல் 10 நானோமீட்டர் டிசிடிஏ போன்ற உயர்-டிரிப்லெட் அடுக்கு ஒன்றை வையுங்கள். டிரிப்லெட் ஒரு தாவலில் கடக்கும் தூரம் 1 நானோமீட்டர் அளவுதான் என்பதால் மெல்லிய தடுப்பே வேலை செய்யும்.

டோப்பண்ட் எத்தனை விழுக்காடு? ஆவிப்படிவில் என்ன தவறும்?

பாஸ்போரசன்ஸ் டோப்பண்ட் வழக்கமாக 5 முதல் 10 விழுக்காடு, ஏனென்றால் டிரிப்லெட் குறுகிய தூரமே தாவும், டோப்பண்ட் அருகிலேயே இருக்க வேண்டும். ஃப்ளோரசன்ஸ் சாயத்துக்கு 1 முதல் 3. சிங்லெட் ஆற்றல் 3 முதல் 5 நானோமீட்டர் பாயும், அதிகம் போட்டால் சாயங்கள் ஒன்றையொன்று அணைக்கும். டிஏடிஎஃப் பொருளை உதவியாளாக வைத்து ஃப்ளோரசன்ஸ் சாயத்தை ஒளிரச் செய்யும் அமைப்பில் சாயம் 1 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பதும் இதே காரணத்தால்: சிங்லெட் மட்டும் தூரம் தாண்டி வரட்டும், டிரிப்லெட் சாயத்தைத் தொடாமல் இருக்கட்டும்.

ஆவிப்படிவில் மொத்தப் படிவு வேகம் விநாடிக்கு 0.1 நானோமீட்டர், டோப்பண்ட் 8 விழுக்காடு என்றால் டோப்பண்ட் வேகம் 0.008. உங்கள் குவார்ட்ஸ் உணரியின் படி 0.001 என்றால் அதிலேயே 12 விழுக்காடு பிழை வந்துவிடுகிறது. ஹோஸ்ட் ஆவி டோப்பண்ட்டின் உணரியில் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். சோதிக்க, டோப்பண்ட் மூலத்தை மூடிவைத்து ஹோஸ்ட்டை மட்டும் ஓடவிடுங்கள். டோப்பண்ட் உணரி பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் மறைப்புத் தகட்டைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

மின்னோட்டம் கூடும்போது திறன் ஏன் சரிகிறது?

மறுபடியும் ஆயுள்தான். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லியாம்பியர், எல்லாம் 10 நானோமீட்டர் அடுக்கில் சேர்கிறது என்று வையுங்கள். ஒரு கன சென்டிமீட்டரில் விநாடிக்கு ஏறத்தாழ 6×10²² எக்ஸிடான்கள் பிறக்கும். ஆயுளால் பெருக்கினால் எந்நேரமும் எத்தனை இருக்கும் என்பது வரும்: 1 மைக்ரோவிநாடிக்கு 6×10¹⁶, 20 மைக்ரோவிநாடிக்கு 10¹⁸-க்கு மேல், 1 மில்லிவிநாடிக்கு 6×10¹⁹. படலத்தில் மூலக்கூறுகளே 10²¹ அளவில்தான் இருக்கின்றன; அதில் டோப்பண்ட் 8 விழுக்காடு. மில்லிவிநாடி ஆயுள் என்றால் டோப்பண்ட் எல்லாமே கிளர்ந்த நிலையில் திணறும். அதற்கு வெகு முன்னாலேயே டிரிப்லெட்கள் ஒன்றோடொன்றும், காத்திருக்கும் மின்னூட்டங்களோடும் மோதி அணையத் தொடங்கிவிடும்.

எனவே சேரும் பகுதியை அகலமாக்குங்கள், ஆயுளைச் சுருக்குங்கள். எலக்ட்ரான், துளை இரண்டையும் கடத்தும் கலப்பு ஹோஸ்ட் முதலாவதற்கு மலிவான வழி.

டிரிப்லெட் மோதல் எப்போதும் நஷ்டமா?

நீலத்தில் லாபமாகவும் ஆகும். ஆந்த்ரசீன் ஹோஸ்ட்டில் இரண்டு டிரிப்லெட் சேர்ந்தால் 3.6 எலக்ட்ரான் வோல்ட். சிங்லெட்டுக்கு வேண்டியது 3.1. இரண்டிலிருந்து ஒன்று என்பதால், 75-இல் பாதி 37.5, நேரடியாக வந்த 25-ஐச் சேர்த்தால் மேல்வரம்பு 62.5 விழுக்காடு.

நீல பாஸ்போரசன்ஸ் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

நீலத்துக்கு டிரிப்லெட் 2.7, 2.8 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். இரண்டு மோதினால் 5.5-ஐ ஒட்டிய ஆற்றல் ஒரே மூலக்கூறில் குவிகிறது. கார்பன்–நைட்ரஜன் போன்ற பிணைப்புகள் 3 முதல் 4-க்குள் அறுபவை. அறுந்த துண்டுகள் புதிய அணைப்பான்களாகி, கெடுவது தன்னைத்தானே வேகப்படுத்துகிறது. ஹோஸ்ட்டின் டிரிப்லெட் அதற்கும் மேலே இருக்க வேண்டும் என்பதால் அதன் மூலக்கூறு சிறியதாக, நலிந்ததாக அமைகிறது. கைப்பேசித் திரைகளில் சிவப்பும் பச்சையும் பாஸ்போரசன்ஸுக்கு மாறிய பின்னும் நீலம் நெடுங்காலம் ஃப்ளோரசன்ஸிலேயே நின்றதற்கு இதுதான் காரணம்.

வெளித்திறன் 5 விழுக்காட்டைத் தாண்டினால் டிரிப்லெட் அறுவடை, அதாவது டிரிப்லெட்டையும் ஒளியாக்குவது, நடக்கிறது என்று பொருளா?

அவசியமில்லை. நீண்ட, தட்டையான மூலக்கூறுகள் படலத்தில் படுத்துக்கிடந்தால் வெளியேறும் பங்கு 20-இலிருந்து 30 விழுக்காடு வரை ஏறும். வெறும் ஃப்ளோரசன்ஸே 7.5-ஐத் தொடலாம். ஒளி எல்லாத் திசையிலும் லாம்பர்ட் விதிப்படி (எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே பிரகாசம்) பரவுகிறது என்று வைத்துக்கொண்டு, முன்பக்க அளவீட்டிலிருந்து மட்டும் கணக்கிட்ட எண்களில் இன்னும் பிழை இருக்கும். கோணம் மாற்றி அளந்து பாருங்கள்.

டிரிப்லெட்டே இல்லாத உமிழ்ப்பான் உண்டா?

இணையற்ற எலக்ட்ரான் ஒன்றுள்ள நிலையான ரேடிக்கல்களில் தரைநிலையும் கிளர்ந்த நிலையும் டபிள்ட் (மொத்த ஸ்பின் ½, இரண்டு அமைப்புகள்). அங்கே 25:75 பிரச்சினை எழுவதே இல்லை. 2018-இல் 710 நானோமீட்டர் அடர்சிவப்பில் 27 விழுக்காடு வெளித்திறன் காட்டிய டையோடு இந்த வகை.

தொடக்கத்தில் சொன்ன விதிவிலக்கு, நைட்ரஜன் நிறைந்த வளையங்களால் ஆன ஹெப்டாசின் (heptazine) குடும்பம். அதில் சில மூலக்கூறுகளில் சிங்லெட், டிரிப்லெட்டுக்குக் கீழே கிடக்கிறது. 2022-இல் வெளியான ஒன்றில் இடைவெளி −0.011 எலக்ட்ரான் வோல்ட். குளிர்விக்கும்போது தாமத ஒளியின் ஆயுள் நீளாமல் குறைவதுதான் அதன் அடையாளம். உங்கள் பொருளிலும் அப்படித் தெரிந்தால், முதலில் குளிர்கலனின் வெப்பநிலை உணரி மாதிரியோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.